மெட்டுக்கு மதில் இல்லை

மார்கழி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையைப் பாட்டுதான் எழுப்பும். தீபத் திருவிழாக் கூட்டம் வடிந்து, மலையுச்சியிலிருந்து கொப்பரை இறங்கி, ஊர் கொஞ்சம் மூச்சுவிடும் நேரம் அது. இருட்டு விலகும் முன்பே ஒலிபெருக்கிகளில் திருவெம்பாவை தொடங்கிவிடும். மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்த ஊரில்தான் என்பது சைவ மரபு. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக் கோயிலே உண்டு.

அதே மார்கழியில் இன்னொரு பாட்டுக் கூட்டமும் இராத்திரி முழுக்கத் தெருத் தெருவாகச் சுற்றும். கேரல் ரவுண்ட்ஸ். கழியில் கட்டிய காகித நட்சத்திரம், சிவப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தா, டோலக், கஞ்சிரா, மினி லாரியில் கீபோர்டும் ஜெனரேட்டரும். வாசலுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு தட்டு முறுக்கு. காணிக்கைக் கவர் கைமாறியதும் அடுத்த தெரு. முதல் பாட்டு நிதானமாக வரும், அது ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த மெட்டு. இரண்டாவது பாட்டில் டோலக் சூடேறும், அது நம்மூர்க் கும்மி. பிள்ளைகள் அதிகம் இருக்கிற வீடாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று கிளம்பும். அதில் சினிமா டப்பாங்குத்தின் அடி அப்படியே இருக்கும்.

முந்நூறு ஆண்டுக் கதை அந்த மூன்று பாட்டுக்குள் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவம் பிரசங்கத்தால் வளர்ந்தது என்று சபை வரலாற்று நூல்கள் சொல்லும். பிரசங்கத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பாட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். எழுத்து தெரியாத ஒரு தாய் தன் விசுவாசத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தது வாய்ப்பாட்டாகத்தான். அந்தப் பாட்டின் மெட்டு பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து, பக்கத்துக் கோயிலிலிருந்து, பக்கத்துக் கொட்டகையிலிருந்து வந்தது. பாட்டு எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. திருவெம்பாவை அடங்கிய திருவாசகத்தை முழுதாக ஆங்கிலத்தில் தந்தவர் ஜி.யு.போப். சாயர்புரத்தில் ஊழியம் செய்த மிஷனரி. 1900இல் அந்த நூல் வந்தபோது அவருக்கு வயது 80. அதற்கு 105 ஆண்டுகள் கழித்து, திருவண்ணாமலை ரமண மகரிஷி மீது தீராத பக்தி கொண்ட இளையராஜா, திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு இசைத்தொகுப்பாக்கினார். அதைத் தயாரித்தது தமிழ் மையம். முன்னின்று நடத்தியவர் ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்.

இதில் எந்தப் பாட்டு யாருடையது என்று பிரித்துக் கட்ட முடியுமா?

ஒரே அட்டைக்குள் இரண்டு பாட்டு

திருவண்ணாமலை வட்டாரத்தில் வேரூன்றிய சபை ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஊரில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியைத் தெரியாதவர் இருக்க முடியாது. டென்மார்க் எங்கே இருக்கிறது என்று தெரியாத குடும்பங்களும் மூன்று தலைமுறையாக 'டேனிஷ் மிஷன்ல படிச்சேன்' என்று சொல்லும். அந்த மிஷன் தமிழகத்தில் கால் வைத்த கதையே ஒரு சண்டையில் தொடங்குகிறது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுவைக்கலாமா என்ற தகராறில் அங்கிருந்து வெளியேறி, 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து தென்னாற்காட்டுப் பக்கம் ஊழியத்தைத் தொடங்கினார். இந்தச் சாதித் தகராறைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

லுத்தரன் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு புழங்குகிறது. ஒன்று ஞானப்பாட்டு. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ் வார்த்தைகளை உட்கார வைத்தது. 18ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழாக்கிய பெப்ரிசியஸ் இந்த வேலையிலும் பெரிய கை. இன்னொன்று கீர்த்தனை. ஒவ்வொரு கீர்த்தனையின் தலையிலும் பொடி எழுத்தில் சங்கராபரணம், ஆதி தாளம் என்பது மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வரும்போது கவனிக்க வேண்டும். ஞானப்பாட்டுக்குச் சபை எழுந்து நிற்கும், ஆர்கனுக்காகக் காத்திருக்கும், எண் பார்த்துப் பக்கம் திருப்பும். கீர்த்தனை எடுத்ததும் தோள்கள் தளரும். கை தானாகத் தொடையில் தாளம் போடும். பாட்டிமார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொள்வார்கள்.

பெத்லகேமுக்கு வந்த குறத்தி

அந்தக் கீர்த்தனைகளில் பெரும்பங்கு ஒரே மனிதருடையது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைத் தஞ்சைக்கு அழைத்துக்கொண்டு போனார். பின்னாளில் அரசரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர்தான்.

அந்தக் காலத்தில் தஞ்சையில் கொடிகட்டிப் பறந்த கலை குறவஞ்சி. சரபோஜி மீதே ஒரு குறவஞ்சி பாடப்பட்டு, பெரிய கோயிலில் ஆடப்பட்டது. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி மயங்குவாள். குறத்தி வந்து மலைவளம் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்வாள். பின்னாலேயே சிங்கன் அவளைத் தேடி வருவான். சனங்களுக்கு மனப்பாடமான கதை அது. சாஸ்திரியார் அதை அப்படியே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' ஆக்கினார். உலா வருகிறவர் பெத்லகேம் நாதர். மயங்குகிறவள் தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்கிறவள் விசுவாசம். ஞானச்சிங்கன் வலை வீசிப் பிடிப்பது மனித ஆத்துமாக்களை. இதற்கு நடுவில் கோப்பர்நிக்கஸ் சொன்ன வானியலையும் செருகிவிடுகிறார்! சூரியனைக் கிரகங்கள் சுற்றுகின்றன என்பதைக் குறவஞ்சிச் சந்தத்தில் கேட்டிருக்கிறார்கள் தஞ்சைவாசிகள்.

எனக்கு இதில் வியப்பு அவருடைய துணிச்சல்தான். காமமும் விரகமும் ததும்பும் ஒரு கலை வடிவத்தை, பாதிரிமார் முகம் சுளிக்கக்கூடிய ஒன்றை, கூச்சமே இல்லாமல் வேதத்துக்குக் கொண்டுவந்தார். நோவாவின் பேழையைப் பற்றி எழுத வேண்டுமா? கப்பல் பாட்டு. மூட நம்பிக்கைகளைக் கண்டிக்க வேண்டுமா? கும்மி. சனங்கள் எதை ரசிக்கிறார்களோ அங்கே போய் நின்றார். சினிமா மெட்டில் பாட்டுக் கட்டும் இன்றைய ஊழியக்காரரைக் குறை சொல்கிறவர்கள், தாங்கள் தூக்கிவைத்துப் பேசும் சாஸ்திரியாரும் அதைத்தான் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாஸ்திரியாரிடம் இருந்த தமிழ் இவர்களிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் அதே சாஸ்திரியார் 1829இல் சாதியைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. சபையில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது, வேளாளக் கிறிஸ்தவர்கள் பக்கம் நின்று சாதி வழக்கத்துக்காக வாதாடினார் அவர். கும்மியையும் குறத்தியையும் கோயிலுக்குள் அழைத்துவந்த கை, கும்மி கொட்டிய மக்களோடு ஒரே பாயில் உட்காரத் தயங்கியது. அவருடைய கீர்த்தனைகளை உருகி உருகிக் கேட்கிறவன் நான். இதைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. மறைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

மலை இழுத்த துறவி

சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்குச் சபைகளில் பரவலாக இடம் வாங்கிக் கொடுத்தவர்களில் எட்வர்ட் வெப் முக்கியமானவர். மதுரையில் அமெரிக்கன் மிஷனில் இருந்தவர். ஆங்கிலப் பாமாலைகளை இழுத்துக்கட்டிப் பாடும் சனங்கள், சொந்த ராகத்தில் எப்படிப் பாடுகிறார்கள் என்பதை உணர்ந்து, 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

அதே அமெரிக்கன் மிஷன் நடத்திய மதுரைப் பள்ளியில், நாற்பது ஆண்டுகள் கழித்து, வேங்கடராமன் என்ற பையன் படித்தான். பைபிள் வகுப்பில் உட்கார்ந்த அந்தப் பையன் 1896இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். ரமண மகரிஷி பின்னாளில் அடிக்கடி மேற்கோள் காட்டியவற்றில், யாத்திராகமத்தில் எரியும் முட்செடி நடுவே கடவுள் மோசேக்குச் சொன்ன பெயரும் உண்டு, 46ஆம் சங்கீதத்தில் வரும் ஒரு வசனமும் உண்டு. அவருடைய அட்சரமணமாலையோ பிச்சைப் பாட்டாகப் பிறந்தது. விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில், ஊருக்குள் பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதில் வந்தது.

அந்த மலை இன்னொருவரையும் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி ஆன்றி லெ சோ, தோழர் மொன்ஷனேன் பாதிரியாரோடு 1949 ஜனவரியில் ரமணரைப் பார்க்க வந்தார். கிரெகோரியன் கீதத்தில் ஊறிய துறவி அவர். ஆசிரமத்தில் கேட்ட வேத பாராயணம் அவரை உலுக்கியது. காய்ச்சலில் படுத்த இரவுகளிலும் ரமணரின் நினைவு விடவில்லை என்று எழுதியிருக்கிறார். 1950இல் இருவரும் குளித்தலைக்குப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் மலை அவரை விடவில்லை. 1952 முதல் அடிக்கடி வந்து அருணாசலக் குகைகளில் மௌனமாகத் தங்கினார். அபிஷிக்தானந்தர் என்று இன்று உலகம் அவரை அறிகிறது. சாந்திவனத்தில் இன்றும் வழிபாட்டில் தமிழ்ப் பஜனை உண்டு, ஆரத்தி உண்டு.

திருவண்ணாமலையில் ஆற்காடு லுத்தரன் சபையின் முயற்சியில் உருவான 'குவோ வாடிஸ்' சமய உரையாடல் மையம் இந்த வழியில் வந்த சிறிய முயற்சி. மலை சுற்ற வருகிற எல்லா மதத்தாரும் அங்கே உட்கார்ந்து பேசலாம். பெரிய கூட்டம் சேரும் இடம் இல்லை. இருந்தாலும், ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கும் இந்த நாட்களில் அப்படி ஒரு திண்ணை இருப்பதே எனக்கு ஆறுதல்.

கொட்டகையில் கேட்ட ஜெபம்

குகையில் மௌனம் பழகியவர்கள் சிலர். சனங்கள் கொட்டகைக்குத்தான் போனார்கள். 1948இல் 'ஞானசௌந்தரி' என்ற பெயரில் இரண்டு படங்கள் போட்டி போட்டு வந்தன. ஒன்று ஜெமினி வாசனுடையது. மற்றொன்று சிட்டாடல் நிறுவனத்துக்காக எஃப்.நாகூர் இயக்கியது, டி.ஆர்.மகாலிங்கமும் எம்.வி.ராஜம்மாவும் நடித்தது. மாற்றாந்தாயின் கொடுமையில் கைகளை இழந்து, மாதாவின் அருளால் திரும்பப் பெறும் பெண்ணின் கதை. கத்தோலிக்கக் கிராமங்களில் நாடகமாக ஊறிய கதை. வென்றது சிட்டாடல் படம். வாசன் தன் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எஸ்.வி.வெங்கட்ராமன் இசையில் அந்தப் படத்தின் மாதா பாட்டு கத்தோலிக்க வீடுகளையும் தாண்டித் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்கப்பட்டது. இயக்கியவர் முஸ்லிம், இசையமைத்தவர் இந்து, பாட்டு மாதாவுக்கு! 1971இல் 'அன்னை வேளாங்கண்ணி' வந்தது. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா நடித்த படம். பிறகு, 'பாசமலர்' எடுத்த ஏ.பீம்சிங் தெலுங்கில் தொடங்கிய இயேசு படம் 'கருணாமயுடு' 1978இல் வெளியாகி, பல மொழிகளில் மாற்றப்பட்டு, கிராமத்துத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டி ஓட்டப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிரசங்கம் கேட்டவர்கள் இப்போது சிலுவைப்பாட்டைக் கண்ணால் பார்த்து அழுதார்கள்.

எதிர்த் திசைக்கு இன்னொரு சாட்சி எல்.ஆர்.ஈஸ்வரி. ஆடி மாதம் இந்த மாவட்டத்தில் கூழ் ஊற்றும் எந்த அம்மன் கோயிலுக்கும் போங்கள். புனல் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான். அந்தக் குரலைக் கேட்டு அருள் வந்து ஆடுகிறவர்கள் எத்தனை பேர்! கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரோடு பிறந்தவர் அவர். அம்மனுக்கும் அது பொருட்டில்லை, ஆடுகிறவர்களுக்கும் பொருட்டில்லை. சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கு மொட்டை போட்டு நேர்ச்சை செலுத்த வருகிற இந்துக் குடும்பங்களும் இதே மண்ணின் மனசுக்காரர்கள்தான்.

பறைக்கு வாசல் திறந்தவர்

கீர்த்தனை ஆனது, சினிமா ஆனது. பறை?

ஒடுக்கப்பட்ட மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது பலர் பறையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். வைத்ததில் நியாயமும் இருந்தது. சாவு வீட்டில் கூலியில்லாமல், மரியாதையில்லாமல் அடிக்கச் சொல்லி விரட்டிய தோல்கருவி அது. அதைத் தொட மாட்டேன் என்று சொன்னதே விடுதலையாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆர்கனும், கர்நாடக ராகக் கீர்த்தனையும் வந்து உட்கார்ந்தபோது, தங்கள் இசை கடவுளுக்கு ஆகாத இசை என்ற எண்ணமும் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டது.

அதை எழுப்பிவிட்டவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியர். மாணவர்களுக்கு 'பரட்டை' அண்ணன். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்தவர். அறிந்தே நாட்டுப்புற இசையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு முழு ஆராதனை முறையைக் கிராமிய இசையில் அமைத்தார். பறை, உடுக்கை, கும்மி, ஒப்பாரி எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்தன. வேத மொழியை விட்டுப் பேச்சுத் தமிழில் பாடினார். நற்கருணையை அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே உலையில் சோறு பொங்கி எல்லாச் சாதியும் சேர்ந்து உண்பதுதான் அது என்றார். 1829இல் தஞ்சையில் நடந்த அந்தப் பழைய வழக்குக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த தீர்ப்பாக அதைப் படிக்கிறேன்.

நாட்டுப்பாட்டை அவர் ஏன் நம்பினார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீர்த்தனையைத் தப்பாகப் பாடினால் திருத்துவார்கள். நாட்டுப்பாட்டைப் பாடுகிறவள் தன் பாட்டுக்கு ஒரு வரி சேர்ப்பாள், ஒரு வரி விடுவாள், பாட்டு அவளுடையதாகிவிடும். 2005இல் அவர் மறைந்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லில் சந்திரா என்ற கன்னியாஸ்திரி வளர்த்த சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். சாவுக்கு ஆண்கள் அடித்த கருவி, பெண்கள் கையில் தலைநிமிர்ந்த ஆட்டமானது.

மிரட்டலும் யூடியூபும்

2018 ஆகஸ்டில் கர்நாடக இசைக் கலைஞர் ஓ.எஸ்.அருண் ஒரு கிறிஸ்தவ இசைக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார். மிரட்டல்கள் வந்தன. கச்சேரி நின்றது. முன்பு கிறிஸ்தவப் பாட்டுப் பாடியிருந்த வேறு சிலரும் இணையத்தில் வசை வாங்கினார்கள். இனி மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று டி.எம்.கிருஷ்ணா அறிவித்தார். தியாகராஜர் கீர்த்தனைகளில் பெயரை மாற்றிப் பாடுகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. ஒரு கவியின் சாகித்தியத்தில் கைவைப்பது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ராகத்துக்கே மதம் உண்டு என்று சொல்கிறவர்கள் ஆபிரகாம் பண்டிதரை எங்கே வைப்பார்கள்? 1912 முதல் தஞ்சையில் சொந்தக் காசில் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலைத் தந்த கிறிஸ்தவ மருத்துவர் அவர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' கச்சேரி மேடையில் ஒலித்தபோது யார் எழுந்துபோனார்கள்?

சபைக்குள்ளும் பாட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. சாராள் நவரோஜியின் பாட்டுகளும், கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களும் கேசட் காலத்தில் குடிசை குடிசையாய்ப் போயின. எளிய தமிழ், கைதட்டிப் பாடும் மெட்டு, ஒருமுறை கேட்டால் போதும். இப்போது யூடியூப். கிட்டார், பின்னணியில் நீளும் கீபோர்டு, மங்கிய நீல வெளிச்சம், கண்மூடிய பாடகர். நல்ல குரல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பல பாட்டில் 'நான்', 'என்னை', 'எனக்கு' மட்டுமே மிஞ்சுகிறது. குறத்தி இல்லை, கப்பல் இல்லை, ஊர் இல்லை, அயலான் இல்லை. திருவண்ணாமலையில் பாடினாலும் சிட்னியில் பாடினாலும் ஒரே மாதிரி கேட்கிற பாட்டுகள் அவை. சனங்களின் மெட்டைத் தேடிப் போன மரபு இப்போது அலைபேசி அனுப்புகிற மெட்டுக்குக் காத்திருக்கிறது.

இதற்கிடையில் சத்தமில்லாமல் ஓர் இழப்பு நடக்கிறது. கீர்த்தனைப் புத்தகம் ராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும்தான் தருகிறது. பெரும்பாலான பதிப்புகளில் ஸ்வரக் குறிப்பு கிடையாது. மெட்டு ஆட்களிடம்தான் இருந்தது. கிராமத்து உபதேசியாரிடமும், அவரிடம் கேட்டுப் பழகிய பாட்டிமாரிடமும். அவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, புத்தகத்தில் பாட்டு இருக்கும், பாட ஆள் இருக்காது. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, வேட்டவலம் பக்கத்துச் சபைகளில் இன்னும் சில குரல்கள் மிச்சம். லெந்து நாட்களிலேயே, சபைப் போதகர்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகளிடம் சொல்லி அவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்யலாம். கையில் இருக்கும் போன் போதும். கீர்த்தனையோடு நிறுத்தாமல் கும்மி, தாலாட்டு, சாவுப் பாட்டு எல்லாவற்றையும் கேளுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள். கீர்த்தனைக்காரர் பெயரை அச்சிட்ட புத்தகங்கள் கும்மிக்காரிகளின் பெயரை விட்டுவிட்டன.